டென்ட், முதுகுப்பை, அடுப்பு: போடிமெட்டு ஏறுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அந்தப் பக்கம் இறங்கினால் கேரளம்: பூப்பாறை, சூரியநெல்லி, மூணாறு. எங்கள் நடைக் குழுவின் 14 டென்ட்களும் அடுப்புகளும் என் வீட்டு மாடி அறையில்தான் இருக்கின்றன. இரவல் வாங்கிப் போகிறவர்களும் சொந்தமாக வாங்கியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதி வைக்கிறேன். பராமரிப்புக்கென்று தனியாக விற்கும் விலை கூடிய குப்பிகளில் பெரும்பாலானவை தேவைப்படுவதில்லை. வீட்டிலும் பெட்டிக்கடையிலும் பஞ்சர் கடையிலும் கிடைக்கும் பத்துப் பன்னிரண்டு பொருள்களே போதும்.

நம் பக்கத்து மலையில் சாமான்கள் ஏன் இவ்வளவு சீக்கிரம் கெடுகின்றன?

ஈரம்தான் காரணம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கேரளப் பக்கச் சரிவை ஊற வைக்கிறது. போடியில் அப்போது காற்றும் சாரலும் மட்டும்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை நம் பக்கம் பெய்கிறது. ஆக, வருடத்தில் ஏழு மாதம் மெட்டின் ஏதாவது ஒரு பக்கம் நனைந்தே கிடக்கிறது. மலையில் குளிரில் சுருட்டிக் கட்டிய டென்ட் கீழே போடி வெயிலுக்கு வந்ததும் பைக்குள்ளேயே வேர்க்கிறது. ஈரமும் சூடும் ஒன்று சேர்ந்தால் பூஞ்சை பிடிக்க இரண்டு நாள் போதும்.

கிழிசல், முறிவு எல்லாம் கண்ணுக்குத் தெரியும், தைத்துக்கொள்ளலாம். பைக்குள் நடக்கும் சேதம் தெரியாது. அதனால் கீழே எந்தப் பொருளைப் பற்றிச் சொன்னாலும் அதற்கு முன் ஒரு வேலை உண்டு: காய வையுங்கள்.

நனைந்த டென்டை எப்படிக் காய வைப்பது?

வீட்டுக்கு வந்த அன்றே, குளிப்பதற்கு முன்னால், பையிலிருந்து வெளியே எடுத்து விடுங்கள். மாடியில் கொடி கட்டி நிழலில் போடுங்கள். வெயிலில் ஒரு மணி நேரம் கிடந்தால் பாதகமில்லை. நாள் முழுக்க வேண்டாம். நைலான், பாலியெஸ்டர் இரண்டையும் வெயில் மெல்ல மெல்ல அரிக்கும், அதில் நைலான் இன்னும் சீக்கிரம் போகும். மழை விடாத நாளில் வீட்டுக்குள் மின்விசிறிக்குக் கீழே நாற்காலிகள் மேல் விரித்துப் போடுங்கள். துணி சீக்கிரம் காய்ந்துவிடும். ஓரத் தையல், ஜிப் பட்டை, மூலையில் இருக்கும் நாடா, இவைதான் கடைசி வரை ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அந்த இடங்களை விரலால் தொட்டுப் பார்த்த பிறகே மடியுங்கள்.

ஏலக்காய் ஸ்டோரில் ஒரு மூலையில் தொங்கவிடலாமா என்று தோட்டத்துக்காரர்கள் கேட்பார்கள். ஏலக்காய் உலரும் அறையின் சூடு டென்டின் உள்பூச்சுக்கு ஆகாது. ஸ்டோருக்கு வெளியே வராந்தாவில் தொங்கவிடுங்கள், அது நல்ல இடம்.

பையைத் திறந்தால் புளித்த நாற்றம், துணி கையில் ஒட்டுகிறது. என்ன செய்வது?

எனக்கே நடந்தது இது. ஒரு ஜூலையில் சூரியநெல்லியிலிருந்து இரவு இறங்கி வந்து, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று பையை அப்படியே மூலையில் வைத்தேன். மறுநாள் வேறு வேலை, அதற்கு மறுநாளும் வேறு வேலை. மூன்று வாரம் கழித்துத் திறந்தபோது அறை முழுக்க நாற்றம் அடித்தது. மேல் உறையின் உள்பக்கம் கறுப்புப் புள்ளி புள்ளியாக இருந்தது. தரை விரிப்பை விரித்தபோது ஒட்டிய ரொட்டியைப் பிரிப்பதுபோல் சத்தம் வந்தது. விரல் வைத்த இடத்தில் பூச்சு பிசினாக ஒட்டிக்கொண்டு வந்தது. அது குழுவிலேயே நல்ல டென்ட். இன்றைக்கும் அதைப் பார்த்தால் மனசு வலிக்கிறது.

நாற்றம், புள்ளி, ஒட்டுதல் மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

நாற்றம் மட்டும் என்றால், ஒரு வாளித் தண்ணீரில் கைப்பிடி ஆப்ப சோடா கரைத்து அரை மணி நேரம் ஊற வைத்து அலசுங்கள். புள்ளிகளுக்கு ஒரு பங்கு வெள்ளை வினிகரும் நான்கு பங்கு தண்ணீரும் கலந்து, பழைய பல் தேய்க்கும் பிரஷால் மெதுவாகத் தேயுங்கள். பூஞ்சை சாகும், கறை முழுவதும் போகாது. போகவில்லையே என்று பிளீச்சிங் பவுடரைப் போடாதீர்கள், துணியே போய்விடும்.

ஒட்டுகிறது என்றால் உள்பூச்சு சிதையத் தொடங்கிவிட்டது. பெரும்பாலான டென்ட்களின் உள்பக்கம் பாலியூரித்தேன் பூச்சு இருக்கும். வெகுநாள் ஈரத்திலும் சூட்டிலும் அந்தப் பூச்சின் பிணைப்பு உடைந்துபோகிறது. போனதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. மருந்துக் கடை ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்துத் துடைத்துப் பிசினை முழுக்க எடுத்துவிட்டு, புதிதாகப் பூச்சு அடிக்க வேண்டும். மேல் உறைக்கு இவ்வளவு பாடுபடுவது என் கணக்கில் வீண். அதை வெட்டி மற்ற பைகளுக்கு ஒட்டுத் துணியாக வைத்துக்கொண்டேன். தரைப்பக்கம் மட்டும் என்றால் பிசினைத் துடைத்துவிட்டு அடியில் ஃபிளெக்ஸ் போட்டு ஓட்டலாம்.

ஃபிளெக்ஸ் என்றால் பேனர் ஃபிளெக்ஸா?

ஆமாம். கல்யாணம், திருவிழா முடிந்ததும் கழற்றிப் போடும் பேனரைக் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். தேயிலை வெட்டிய குச்சி, சரளைக் கல், எல்லாவற்றுக்கும் தாங்கும். கொஞ்சம் கனம்தான். ஆனால் ஜீப்பில் போகிறவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை.

வெட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். டென்டின் தரையைவிட நான்கு பக்கமும் நான்கு விரல்கடை சின்னதாக வெட்ட வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மேலே பெய்த மழை ஃபிளெக்ஸில் விழுந்து அப்படியே டென்டுக்கு அடியில் ஓடி வந்து தேங்கும். தார்ப்பாய்க்கும் இதே கணக்குதான்.

ஜிப் சிக்கிக்கொள்கிறது. தேங்காய் எண்ணெய் விடலாமா?

வேண்டாம். எண்ணெய் இரண்டு நாள் வழுக்கும், அப்புறம் மண்ணை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மலைச் செம்மண் நைஸான தூள். எண்ணெயோடு சேர்ந்தால் உப்புத்தாள்போல் ரன்னரை, அதாவது ஜிப்பை மூடித் திறக்க நாம் இழுக்கும் துண்டை, உள்ளுக்குள் தேய்த்துவிடும்.

முதலில் காய்ந்த பல் பிரஷால் பற்களின் இரண்டு பக்கமும் தட்டி எடுங்கள். அப்புறம் பிரஷை நனைத்து இன்னொரு முறை. ஜிப் நன்றாகக் காய்ந்ததும் வெள்ளை மெழுகுவர்த்தியைப் பற்கள் மேல் மேலும் கீழுமாகத் தேயுங்கள். ரன்னரைப் பத்துத் தடவை இழுத்து மூடித் திறந்தால் மெழுகு உள்ளே போய் உட்காரும். வெளியே ஒட்டியிருக்கும் துகளைத் துணியால் துடைத்துவிடுங்கள். பல் உலோகமாக இருந்தால் பென்சில் முனையைத் தேய்ப்பது மெழுகைவிட நல்லது. பள்ளிப் பையிலிருந்து எடுத்த பென்சிலே போதும்.

இன்னொரு கோளாறு உண்டு. ரன்னர் ஓடுகிறது, ஆனால் பின்னாலேயே ஜிப் பிளந்துகொண்டு வருகிறது. பல் கெட்டுவிட்டது என்று நினைத்து ஜிப்பையே மாற்றுகிறார்கள். பெரும்பாலும் பல்லில் குறை இருக்காது. ரன்னர் தேய்ந்து வாய் அகன்றிருக்கும். ரன்னரின் பின்முனையை, அதாவது பற்கள் சேர்ந்து வெளியே வரும் பக்கத்தை, குறடால் இடப்பக்கம் ஒரு சின்ன அழுத்து, வலப்பக்கம் ஒரு சின்ன அழுத்து. இழுத்துப் பாருங்கள். சேரவில்லையென்றால் இன்னொரு சின்ன அழுத்து. ஒரே அழுத்தில் முடிக்கப் பார்த்தால் ரன்னர் உடைந்துவிடும். இப்படி அழுத்திய ரன்னர் எங்கள் டென்ட் ஒன்றில் மூன்று சீசனாக ஓடுகிறது.

கிழிந்தால் டேப் ஒட்டுவதா, தைப்பதா?

மலைமேல் இருக்கும்போது டேப். வீட்டுக்கு வந்ததும், கிழிசல் ஒரு சாணுக்கு மேல் இருந்தாலோ இழுபடும் மூலையில் இருந்தாலோ தையல்.

டேப் ஒட்டும் இடத்தை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, ஈரம் முழுக்கப் போன பிறகு ஒட்டுங்கள். டேப்பின் மூலைகளைக் கத்தரியால் வட்டமாக வெட்டிவிட்டால் சீக்கிரம் பிரியாது. உள்ளேயும் வெளியேயும் இரண்டு பக்கமும் ஒட்டுங்கள். முழுச் சுருளைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், தண்ணீர் பாட்டில் மேல் இரண்டு மீட்டர் சுற்றி வைத்தால் போதும். அதற்காக டேப்பை மாதக்கணக்கில் அப்படியே விட்டு வைக்காதீர்கள். வெயிலில் பசை உருகி வெளியே கசியும், அந்தப் பசையை எடுக்கவும் ஸ்பிரிட்தான் வேண்டும்.

தைப்பதற்கு முதுகுப்பை வாருக்குச் சாக்கு ஊசி, டென்ட் துணிக்கு மெல்லிய ஊசி. பருத்தி நூல் ஈரத்தில் மக்கிவிடும், அதனால் நைலான் நூல் வாங்குங்கள். தைக்கும் முன் நூலைத் தேன்மெழுகில் இரண்டு இழுப்பு இழுத்தால் முடிச்சு நழுவாது, ஊசித் துளையும் ஓரளவு அடைபடும். நம் பக்கத்து மலைகளில் பளியர் மக்கள் தேன் எடுக்கிறார்கள். தேனோடு மெழுகும் கிடைத்தால் கேட்டு வாங்கி வையுங்கள். ஜிப், நூல், தோல் ஷூ, துருப்பிடிக்கும் கத்தி நான்குக்கும் அந்த ஒரு கட்டி போதும். உருக்க வேண்டியிருந்தால் நேரே அடுப்பில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து உருக்குங்கள்.

தையல் ஓரத்தில் தண்ணீர் கசிகிறது. எந்தப் பசை?

துணியைப் பொறுத்தது. ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று மெல்லிய படலம் தெரிந்தால் பாலியூரித்தேன் பூச்சு, அதற்குப் பாலியூரித்தேன் பசைதான் பிடிக்கும். இரண்டு பக்கமும் மீன்போல் வழுக்கினால் சிலிக்கான் பூச்சு. அதற்கு ஹார்டுவேர் கடைச் சிலிக்கான் பசையைக் கொஞ்சம் டர்பென்டைனில் இளக்கி, பழைய பிரஷால் தையல் மேல் தடவலாம். மாற்றிப் பூசினால் காய்ந்ததும் உரிந்து வந்துவிடும்.

சைக்கிள் டியூபைக் கட்டாயம் எடுத்துப்போகச் சொல்கிறீர்களே, எதற்கு?

மலைக்கு எடுத்துப்போகும் என் ரிப்பேர் டப்பாவில் ஒரே ஒரு பொருள்தான் வைக்கலாம் என்றால் அதைத்தான் வைப்பேன். பஞ்சர் கடையில் ஒரு பழைய டியூபை வாங்கி, பாதியை விரல் அகலத்துக்கு வளையம் வளையமாக வெட்டுங்கள். மீதியை ஒரு சாண் நீளத் துண்டாக வையுங்கள்.

டென்ட் கம்பி பிளந்தால், பிளந்த இடத்துக்குப் பக்கத்தில் தரையில் அடிக்கும் முளை ஒன்றைச் சேர்த்து வைத்து, மேலே டியூபை இழுத்து இழுத்துச் சுற்றுங்கள். எலும்பு முறிந்தவருக்குப் பட்டை கட்டுவது போலத்தான். இரண்டு இரவு தாங்கும். கொழுக்குமலை 7,900 அடி உயரம், மறைப்பே இல்லாத முகடு. அங்கே காற்றில் ஒரு ராத்திரி கம்பி பிளந்து, விடியும்வரை இப்படித்தான் சமாளித்தோம்.

ஷூவின் அடிப்பாகம் வாய் பிளந்தால் முன்பாதத்தில் இரண்டு வளையம் மாட்டினால் ஜீப் நிற்கும் இடம் வரை நடந்து வந்துவிடலாம். முளை இறங்காத பாறையில் டென்ட் கயிற்றுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு வளையம் போட்டால், காற்று அடிக்கும்போது அது இழுபட்டுக் கொடுக்கும், துணி கிழியாது. சூடான பாத்திரத்தைப் பிடிக்க மட்டும் அது வேண்டாம், அதற்குத் துண்டு இருக்கிறது.

ஈரத்தில் டியூப் துண்டை வைத்துத் தீ மூட்டலாம் என்கிறார்களே?

பற்றும், நனைந்தாலும் பற்றும். கரும்புகை வரும், அதை முகர்வது நல்லதில்லை. வேறு வழியே இல்லாத நேரத்துக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வனத்துறை அனுமதித்த இடம் தவிர வேறெங்கும் தீயே வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்தார்கள். அந்தச் சரிவு என் மாடியிலிருந்து தெரியும். மாசி, பங்குனியில் அந்தப் புல் எப்படிக் காய்ந்து கிடக்கும் என்று பார்த்தவர்கள் அங்கே தீக்குச்சி உரசமாட்டார்கள்.

காற்றுப் படுக்கையில் ஓட்டை. சைக்கிள் பஞ்சர் ஒட்டு போடலாமா?

ரப்பர் படுக்கை என்றால் போடலாம். பிவிசி படுக்கையில் சைக்கிள் சொல்யூஷன் சரியாகப் பிடிக்காது, அதற்கு பிவிசிக்கென்றே பசை உண்டு. ஓட்டையைத் தேட சோப்பு நுரையைத் தடவுங்கள், குமிழி வரும் இடத்தில் பேனாவால் வட்டம் போடுங்கள்.

அடுப்புக்கு என்ன செய்ய வேண்டும்?

பம்ப் ஸ்டவ் இன்னும் வைத்திருப்பவர்களுக்கு: பத்து ரூபாய் ஸ்டவ் பின் இரண்டு. அடைத்த துளையை அதைவிட நன்றாக எதுவும் திறக்காது. பம்பில் காற்று ஏறவில்லையென்றால் உள்ளே இருக்கும் தோல் வாஷர் காய்ந்திருக்கும். கழற்றி இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு விரலால் விரித்துவிடுங்கள்.

கேஸ் அடுப்பு என்றால் ஒவ்வொரு பயணத்துக்கும் முன் சிலிண்டர் மாட்டும் இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வந்தால் ரப்பர் வளையம் போய்விட்டது, மாற்றாமல் கொளுத்தாதீர்கள். எந்த அடுப்பையும் மூடிய டென்டுக்குள் எரிக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

விறகில் வைக்கும் பாத்திரத்துக்கு நம் பாட்டிமார் செய்ததையே செய்யுங்கள். அடியில் ஈரமண்ணோ குழைத்த சோப்போ பூசிவிட்டு அடுப்பில் ஏற்றினால் கரி அதோடு கழுவிப் போய்விடும். பூச மறந்தால் சாம்பலும் தேங்காய் நாரும்தான் கதி.

டார்ச்சில் பேட்டரி கசிந்து பச்சையும் வெள்ளையுமாகப் படிந்திருக்கிறது.

அல்கலைன் பேட்டரிக் கசிவு காரம். எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்ட பஞ்சால் துடைத்தால் நுரைத்துக் கரையும். அடுத்து ஸ்பிரிட். காய்ந்ததும் தகட்டை அழிரப்பரால் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும். வெறும் கையால் தொடாதீர்கள். ஊருக்கு வந்ததும் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டால் இந்த வேலையே இல்லை.

ஸ்லீப்பிங் பேக்கை எப்படி வைப்பது?

அதன் சின்னப் பைக்குள் திணித்து வைக்காதீர்கள். அமுங்கிக் கிடந்தால் உள்ளே இருக்கும் பஞ்சு உப்பல் இழந்துவிடும், அப்புறம் குளிர் தாங்காது. மூணாறில் ஜனவரியில் சில இரவுகள் உறைநிலை வரை போகும். பழைய வேட்டியை இரண்டாக மடித்து இரண்டு ஓரம் தைத்தால் நல்ல பை. அதில் தளர்வாகப் போட்டு, காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து உள்ளே வையுங்கள். அந்துருண்டை போட்டால் அந்த வாசனையோடுதான் அடுத்த முறை தூங்க வேண்டிவரும்.

நனைந்த ஷூ?

செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, ஈரம் ஏற ஏற மாற்றுங்கள். தீ ஓரம் வைக்காதீர்கள், ஒட்டுப்பசை விட்டுப்போகும்.

அட்டைக்கு உப்பு போடுகிறோம். அது சாமான்களைக் கெடுக்குமா?

கெடுக்கும். உப்பு உலோக ரன்னர், கொக்கி, கண்ணி எல்லாவற்றையும் அரிக்கும், தூவிய இடத்தில் ஈரமும் போகாது. சாக்ஸ் மேல் தூவுவதைவிட, ஒரு குச்சி நுனியில் உப்பைத் துணியில் முடிந்துகொண்டு அட்டை ஏறியதும் தொட்டால் போதும், விழுந்துவிடும். திரும்பி வந்ததும் அந்தச் சாமான்களை நல்ல தண்ணீரில் அலசுங்கள். டீட் (DEET) என்ற ரசாயனம் கலந்த கொசு மருந்திலும் கவனம் வேண்டும். அது பிளாஸ்டிக்கை இளக்கும். தடவிய கையோடு கண்ணாடி, வாட்ச், டென்ட் துணி எதையும் தொட வேண்டாம்.

டென்டை எந்த சோப்பில் துவைப்பது?

வாஷிங் மெஷினும் வேண்டாம், துணி சோப்புத் தூளும் வேண்டாம். இரண்டும் தண்ணீர் ஒட்டாமல் ஓடச் செய்யும் மேல்பூச்சைக் கழுவிவிடும். வாளியில் சாதாரணத் தண்ணீர், ஸ்பாஞ்ச், வாசனை குறைந்த குளியல் சோப்பு கொஞ்சம். நான் பூந்திக்கொட்டையை ராத்திரி ஊற வைத்து, காலையில் கசக்கி வடிகட்டிய தண்ணீரைத்தான் பயன்படுத்துகிறேன். அழுக்கு இருக்கும் இடத்தை மட்டும் துடைத்து அலசினாலே போதும். சும்மா சும்மா முழு டென்டையும் ஊற வைக்க வேண்டாம்.

மொத்தத்தில் உங்கள் டப்பாவில் என்னென்ன இருக்கின்றன? எங்கே வாங்குவது?

ஒரு பழைய டிபன் டப்பா. அதில் பாதி மெழுகுவர்த்தி, நெல்லிக்காய் அளவு தேன்மெழுகு, பல் பிரஷ், ஊசி இரண்டு, நைலான் நூல், ஊக்கு ஆறு, சைக்கிள் டியூப், ஸ்டவ் பின், சின்னக் குறடு, கொசுவலைத் துண்டு, சிறு குப்பியில் ஸ்பிரிட், மருந்து டப்பாவில் ஆப்ப சோடா. டேப் பாட்டில் மேல் இருக்கிறது. துண்டு எப்படியும் தோளில் இருக்கும். ஸ்பிரிட்டை மட்டும் அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

தேன்மெழுகு தவிர எல்லாமே போடி கடைவீதியில் கிடைத்துவிடும். மெட்டைத் தாண்டிய பிறகு எதையாவது மறந்தது தெரிந்தால் சூரியநெல்லிக் கடைகளில் வாங்கலாம். அங்கே தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. மலையாளக் கடைக்காரரிடம் ஆப்ப சோடா வேண்டுமென்றால் "அப்பக்காரம்" என்று கேளுங்கள், உடனே எடுத்துக் கொடுப்பார்.